விளக்கணையாத தெரு

ஜிகினாத் தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது. கூட்டினால் பறந்துபோய் நாற்காலிக் காலில் ஒட்டும், சுவரில் ஒட்டும், கூட்டுகிறவள் கண்ணுக்குள்ளும் போகும். ஈரச் சாக்கைத் தரையில் விரித்து, அதன்மேல் முழங்கால் போட்டு அழுத்தி, ஒற்றி எடுத்து, வாளியில் அலசிவிட்டு மறுபடி விரிக்க வேண்டும். அந்தப் பெரிய மண்டபத்தை விடிவதற்குள் இப்படித்தான் நாங்கள் முழங்காலாலேயே அளந்து முடிப்போம். அதற்கு முன்னால் நாற்காலிகளுக்கு அடியில் ஒட்டிவைத்த சுயிங்கத்தைப் பிளேடால் சுரண்ட வேண்டும். மது சிந்திக் காய்ந்து பிசுபிசுக்கிற இடங்களில் கொதிநீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். கழிப்பறையைப் பற்றிச் சொன்னால் படிக்கிறவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் மண்டபத்தின் கூரையிலிருந்து அந்தத் தூளைக் கொட்டுவார்கள். அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறதாம். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் அது போகாது. நகக்கண்ணில் இருக்கும், தலையணையில் இருக்கும். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'மினுக்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய குற்றத்துக்கு.

எங்கள் தெருவுக்கு விளக்கணையாத தெரு என்று ஊர் உலகமெல்லாம் பெயர். இரண்டு பக்கமும் ஆட்ட அரங்கங்கள், பாட்டு அரங்கங்கள், சீட்டு விளையாட்டு விடுதிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மாடி உயரத்துக்குப் பல்பு பதித்த பெயர்ப் பலகை. பகலிலும் எரியும், மழையிலும் எரியும். இது தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அணைந்ததில்லை என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். நாங்கள் அந்தத் தெருவைப் பின்சந்திலிருந்து பார்க்கிறவர்கள். அங்கே நின்று பார்த்தால் அந்தப் பலகை என்பது துருப்பிடித்த தகரம், முண்டு முண்டாய் ஒயர், புறா எச்சம். இவ்வளவுதான் விஷயம்.

வேலையில் எங்களுக்கு ஒரு கட்டளை உண்டு. சூரியன் வந்த பிறகு வாளியோடும் துடைப்பத்தோடும் எங்களில் யாரும் முன்வாசல் பக்கம் தென்படக் கூடாது. வருகிறவர்கள் நடைபாதையில் நின்று படம் பிடிப்பார்களாம், அந்தப் படத்தில் நாங்கள் விழுந்தால் மயக்கம் கலைந்துவிடுமாம். தெருவை நாங்கள் பளபளப்பாக்கலாம், அதில் இருக்கத்தான் கூடாது. சூப்பர்வைசர் விசில் அடித்தால் போட்டது போட்டபடி பின்கதவு வழியாக ஓட வேண்டும்.

என்னோடு என் நாத்தனாரும் கூட்டுகிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் விட்டுப்போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். வெளியாள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். ஆனால் வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். நான் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிற தூசியைக் கூட அவள் திரும்ப வந்து எடுப்பாள். அதற்காகவே எங்களுக்குள் சண்டை வரும்.

பலகையில் பல்பு மாற்றுகிறவருக்கு வவ்வால் என்று பெயர். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பலகையின் முதுகில் தொங்கியபடி பாட்டுப் பாடுவார். அவர் மனைவி அதே அரங்கத்தின் பின்னறையில் ஆட்டக்காரிகளின் உடைக்குச் சம்கி தைக்கிறவள். நாங்கள் தையல்காரி என்போம். நாக்கில் ஊசி வைத்திருக்கிறாள் என்றும் சொல்வோம், அவள் இல்லாதபோது.

வவ்வால் பலகையில் கை வைக்கும்போது அந்தப் பாதிக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறுவார். அதுவும் விடியற்காலையில் மட்டும்தான் அனுமதி. சுவிட்சுப் பெட்டி கீழே, பின்கதவு நடையில் இருக்கிறது. முன்பு அவர் இறங்குகிற வரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பான். வருமானம் குறைந்துவிட்டது என்று முதலாளி அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பெட்டிக்கு ஒரு பூட்டாவது போடுங்கள், சாவியை நான் இடுப்பில் செருகிக்கொள்கிறேன் என்று வவ்வால் கேட்டுப் பார்த்தார். அவசரத்துக்குத் திறக்க முடியாமல் போனால் தெருவின் பெயர் என்னாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். அதன் பிறகு வவ்வாலே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மேலே ஏறும் முன் தன் செருப்பைக் கழற்றிப் பெட்டிக்கு நேர் கீழே, மூக்கு சுவரைப் பார்க்க வைப்பார். செருப்பு அங்கே இருந்தால் ஆள் மேலே இருக்கிறான் என்று அர்த்தம், சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். நிறுத்தப்பட்ட ஆளின் இடத்தில் செருப்பு வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

அன்றைக்கு யாரோ பெரிய கம்பெனிக்காரர்கள் தெருவைப் படம் எடுக்க விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாத்தனார் பின்நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குக் கீழே ஈரம் படாமல் இருக்கக் கூடாதே அவளுக்கு. செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு அந்த இடத்தைத் துடைத்தாள். காய்ந்ததும் எடுத்து வைத்துவிடலாம், சாக்கை ஒரு தடவை அலசுகிற நேரம்தானே என்று நினைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து விசில்.

"போங்க போங்க! வந்துட்டாங்க! ஒருத்தரும் கண்ணுல படக் கூடாது!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடினோம். ஓடி ஓடிப் பழகிய கால்கள். நாத்தனாரும் ஓடினாள்.

படக்காரர்கள் வந்து நிற்கும்போது பலகையில் பாதி இருட்டாக இருப்பதைச் சூப்பர்வைசர் கண்டார். நேரே பெட்டிக்குப் போனார். செருப்பு இல்லை. மேலே பார்த்து ஒரு குரல் கொடுக்கவில்லை. சுவிட்சைத் தூக்கிவிட்டார்.

சந்தில் நின்ற எங்களுக்கு முதலில் பாட்டு நின்றது தெரிந்தது. அப்புறம் தகரம் அதிர்கிற சத்தம். கயிறு பாதி வரைக்கும் பிடித்து, பிறகு அறுந்து, அவர் பலகைக்குப் பின்பக்கம் கீழே விழுந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் அவர் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். எங்களுக்கு முன்னால் அவள் எப்படிப் போனாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வவ்வாலின் வலது கை கருகியிருந்தது. இடுப்புக்குக் கீழே கால் இருக்கக் கூடாத திசையில் கிடந்தது. நாத்தனார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய வெறும் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வாசலில் படப்பிடிப்புத் தடையில்லாமல் நடந்தது. ஆம்புலன்ஸைக் கூடப் பின்சந்து வழியாகத்தான் வரச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் தள்ளுபடுக்கையில் போட்டு நடைபாதையில் விட்டுவிட்டார்கள். இடுப்பெலும்பை உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நடக்க முடியாமல் போகலாம் என்றார் டாக்டர். செலவை வேலை கொடுத்தவர் ஏற்றுக்கொள்வதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொடங்கிவிடலாமாம். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் ஆபீசுக்குப் போன் போட்டோம். முதலாளி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி போட்டோம். சாப்பிடுகிறார் என்றார்கள். மூன்றாவது தடவை போட்டபோது எடுக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே சுவரில் அடித்திருப்பேன், அது என் போனாக இல்லாதிருந்தால்.

செருப்பை எடுத்தது யார் என்பது அதற்குள் தையல்காரி காதுக்குப் போய்விட்டது. நாத்தனார் அவள் எதிரில் போய் நின்றாள்.

"அக்கா..."

"பேசாத. அந்த இடம் ஒரு நாளைக்கு அழுக்கா இருந்தா உனக்கென்ன முழுகிப்போச்சு? அவரு உசிரையில்லடி தள்ளி வெச்சுட்டுப் போயிருக்க!"

 நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "உன் வீட்டு ஆளுன்னு வக்காலத்து வாங்காத" என்று என் வாயையும் அடைத்தாள். அவள் சொன்னதில் தப்பென்ன? எனக்கே நாத்தனார் மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அது போக வேண்டிய இடம் எதுவென்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் முதலாளியே ஆள் அனுப்பினார். தையல்காரி வர வேண்டும், செருப்பை எடுத்தவளும் வர வேண்டும். துணைக்கு நானும் போனேன். வாசலில் ராஜா வேஷத்தில் நிற்கிறவரும் கூடவே வந்தார். கிரீடமும் நீண்ட அங்கியுமாக வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை அவருக்கு. உட்கார அனுமதி கிடையாது. முட்டி வீங்கிய ராஜா.

முதலாளியின் அறை எனக்குப் பழக்கம்தான். தினமும் நான் துடைக்கிற அறை. அவர் உள்ளே இருக்கும்போது நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"வாம்மா, உக்காரு" என்றார் தையல்காரியிடம். எங்களைப் பார்க்கவில்லை. "கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல. நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கு நடந்த மாதிரி இருக்கு."

"ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேக்கறாங்க ஐயா" என்றாள் தையல்காரி.

"சொல்லாமலா இருப்பேன்? ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. சாயங்காலம் விசாரணைக்கு அதிகாரி வர்றாரு. எப்படி நடந்துச்சுன்னு கேப்பாரு. நடந்ததை நீ அப்படியே சொல்லிட்டாப் போதும். கூட்டற பொம்பள அஜாக்கிரதையா செருப்பை எடுத்துட்டா. அதனால இப்படி ஆச்சு. அவ்வளவுதானே நடந்தது? பொய் ஒண்ணும் சொல்லச் சொல்லலியே நான்."

"சொன்னா?"

"சொன்னா கம்பெனி மேல தப்பில்லன்னு ஆயிடும். அப்புறம் தர்மமா நினைச்சு நானே ஆபரேஷனைப் பாத்துக்குவேன். இந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிடும். போலீசு கீலீசுன்னு போகாம நான் பாத்துக்கறேன்."

சூப்பர்வைசர் ஓரமாக நின்று தலையை ஆட்டினார். "செருப்பு இருந்தா சுவிட்சைத் தொடக் கூடாதுங்கறது அவங்களே வெச்ச வழக்கம் சார். நான் பாத்துட்டுத்தான் போட்டேன். செருப்பு இல்ல."

எங்கள் செருப்புக்கு அந்த அறையில் அன்றைக்குத்தான் அவ்வளவு மரியாதை. பூட்டு கேட்டபோது காதில் விழாதவர்களுக்கு எங்கள் வழக்கம் ஒரே நாளில் சட்டமாகிவிட்டது.

நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றாள்.  "நான் போயிடறேன் ஐயா" என்றாள் மெதுவாக. "அக்கா, நீ சொல்லிடு. நான்தானே எடுத்தேன். அவருக்கு வைத்தியம் நடக்கட்டும்."

 தடுக்க வாய் வரவில்லை. தடுத்தால் வவ்வாலின் கால், தடுக்காவிட்டால் இவள் சோறு. இப்படி எங்களில் ஒருத்தி மேல் இன்னொருத்தியை ஏவிவிட்டு அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

தையல்காரி நாற்காலியை விட்டு எழுந்தாள். நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் இன்னும் கோபம் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

"செருப்பை எடுத்தது இவதான். அதை நான் மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள விவகாரம், நாங்க பாத்துக்குவோம்." இப்போது முதலாளி பக்கம் திரும்பினாள். "ஐயா, அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆளு நின்னுட்டிருந்தான். செருப்பை எடுத்தவளை விசாரிக்கறீங்க. அந்த ஆளை அங்கேர்ந்து எடுத்தது யாருன்னு யாரு விசாரிக்கறது?"

முதலாளியின் முகத்தில் இருந்த கனிவு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

"அது நிர்வாக முடிவு. உனக்குச் சம்பந்தமில்ல."

"என் புருஷன் இடுப்பு உடைஞ்சிருக்கு. எனக்குச் சம்பந்தமில்லையா?"

"நிதானமாப் பேசு. ராத்திரிக்குள்ள ஆபரேஷன் நடக்கணுமா வேண்டாமா?"

"நடக்கணும். தர்மமா வேண்டாம். உங்க வேலையில விழுந்தாரு, நீங்கதான் செய்யணும். அதிகாரி வரட்டும். ஆளை நிறுத்தினதைச் சொல்றேன், பூட்டு கேட்டதைச் சொல்றேன், விசில் அடிச்சு எங்களை விரட்டறதைச் சொல்றேன். இவ பேரையும் சொல்றேன். இவ விழுந்த மனுஷனைத் தூக்க ஓடினான்னும் சொல்றேன். உங்க சூப்பர்வைசர் அப்ப எங்க இருந்தாரு? எத்தனை பல்பு உடைஞ்சிருக்குன்னு பலகையை அண்ணாந்து பாத்துட்டிருந்தாரு."

"வெளியே போங்க எல்லாரும்! வேலை இருக்கா இல்லையான்னு காலையில தெரியும்."

"காலையில எதுக்கு ஐயா?" என்றார் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காத ராஜா. கிரீடத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அதன் உள்பக்கம் வெறும் அட்டை, வேர்வையில் ஊறி நைந்திருந்தது. "கதவை இன்னிக்கே நீங்க திறந்துக்கங்க."

வெளியே வந்தோம். வீராப்பெல்லாம் சரி, ராத்திரிக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டுமே. தையல்காரி பின்னறை வாசலில் நின்று அழுதாள். "வாய் துடுக்குல அவரு காலைக் கெடுத்துட்டேனா?" என்று என்னைக் கேட்டாள்.  நாத்தனார்தான் போய் அவள் தோளைத் தொட்டாள். தையல்காரி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

பின்னறையில் ஆட்டக்காரிகள் முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பூச்சோடு எழுந்து வந்து என்ன என்று கேட்டார்கள். சொன்னோம். மேடையில் சறுக்கி விழுந்து கணுக்கால் போன ஒருத்தியையும் முதலாளி அதே அறைக்குக் கூப்பிட்டு இதே மாதிரிதான் பேசினாராம், குதிகால் செருப்பை நீயே சரியாகப் போட்டிருக்க வேண்டும் என்று. அவர்களுக்குள் மூத்தவள் சீப்பைத் தூக்கிப் போட்டாள். "யாரு என்ன சொன்னாலும் சரி, எங்க கால்லதான் வந்து நிக்குது இவங்க நியாயம்" என்றாள்.

பாத்திரம் கழுவுகிறவர்கள் வந்தார்கள். வவ்வாலோடு வேலை பார்க்கிற மற்ற இரண்டு பல்புக்காரர்களும் வந்தார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். வேலை போய்விடும் என்று ஒருவர் பயந்தார், அது நியாயமான பயம். வாடகைக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொருத்தி கேட்டாள். சத்தம் அடங்க வெகு நேரம் ஆனது. கடைசியில் மூன்றே விஷயம் நின்றது. வவ்வாலின் வைத்தியம் கம்பெனியின் பொறுப்பு. பெட்டிக்குப் பூட்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும். யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது. அதுவரை உள்ளே போவதில்லை.

பல்புக்காரர்கள் பெட்டியைத் திறந்து முழுப் பலகையையும் நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்து தானே சுவிட்சைத் தூக்கப் போனார். "மேல ஆள் இருக்காங்களான்னு பாத்துட்டுப் போடுங்க சார்" என்றார் ஒரு பல்புக்காரர். சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் கையை இறக்கிக்கொண்டார். யாரும் மேலே இல்லை, ஆனால் அவருக்கு அந்தச் சுவிட்சைத் தொடத் தைரியம் வரவில்லை.

நாங்கள் முன்வாசலுக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். வெயில் இருக்கும் நேரத்தில் அந்தப் படிக்கட்டை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தினமும் கழுவுகிற படிதான். அதில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. சூடாக இருந்தது. எதிர் அரங்கத்துப் பல்புக்காரர் ஒருவர் தெருவைத் தாண்டி வந்து விசாரித்தார்.

"உங்க பெட்டிக்குப் பூட்டு இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல" என்றார்.  திரும்பிப் போனார். சற்றைக்கெல்லாம் எதிர்ப்பலகையும் அணைந்தது. அதிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் இல்லை. அதிகாரியும் வந்து சேரவில்லை. முதலாளியின் கார் மட்டும் மூலையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றது. பொழுது சாய்ந்தது. வெளிச்சம் இல்லாத அந்தப் பலகைகளைப் பார்த்தால் அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. விரிசல் விட்ட சுவர், உரிந்த சாயம், தொங்குகிற ஒயர், எல்லாம் பின்சந்தில் நாங்கள் பார்ப்பது போலவே முன்னாலும் தெரிந்தது.

கழுத்தில் கேமரா மாட்டிய ஓர் அம்மா பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். வெகு தூரத்திலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எங்கள் முன்னால் நின்று அங்கும் இங்கும் பார்த்தாள்.

"ஏங்க, விளக்கணையாத தெருன்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு?"

"இதுதாம்மா" என்றேன்.

"இதுவா?" அவளால் நம்ப முடியவில்லை. "படத்துல அப்படி இருந்துச்சே! இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? எப்ப லைட்டு போடுவாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், என் பக்கத்தில் தையல்காரியோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த நாத்தனார் நிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"போடுவாங்கன்னு இல்லம்மா, நாங்கதான் போடணும்" என்றாள். "உக்காருங்க, ஏன் போடலன்னு சொல்றேன்."